ஓர் இளவரசர் கொலைக்காகவா உலகப் போர் வந்தது?

1914-ல் சரயேவோவில் ஒருவரைச் சுட்டதற்காகவா உலகமே சண்டை போட்டது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை போஸ்னிய செர்பிய இளைஞர் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டது உண்மை. ஆனால் செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது ஒரு மாதம் கழித்து. விஷயமே அந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி தைரியம் கொடுத்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனியிடம் இருந்த திட்டமோ விசித்திரமானது: ரஷ்யா தயாராக நாளாகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை முடித்துவிட வேண்டும். கிழக்கே தகராறு வந்தால் முதல் அடி மேற்கே! ரயில் அட்டவணைகூட தயார். நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைந்ததும், ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் இறங்கியது. இந்தியாவை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள்.

அப்புறம் நான்கு வருடம், மேற்கில் பெரும்பாலும் பதுங்குகுழிச் சண்டை. 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சொம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட 1919 வெர்சாய் ஒப்பந்தம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1928 தேர்தலில் அவர் கட்சிக்கு 3 சதவீத வாக்குகூட கிடைக்கவில்லை. 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகுதான் அது வளர்ந்தது.