வெயிலில் ஒற்றைக் கண்ணை மூடும் பிள்ளை: ஆட்டிசமா, கண் கோளாறா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது. 4 வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறோம். வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியதும் ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். வகுப்பறையில் டியூப் லைட் எரிந்தால் கண்களைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால்தான் பலகையைப் பார்க்கிறான். ஏற்காட்டில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது மலைப்பாதையில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான். "ஆட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான், பழக்கினால் சரியாகிவிடும்" என்கிறார்கள் பள்ளியில். கண்ணாடிக் கடையில் நிற லென்ஸ் போடச் சொல்கிறார்கள். பேசும்போது அவன் முகம் பார்க்காததும் இதனால்தானா?

பதில்: முதலில் குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆட்டிசம் என்று எழுதிய சீட்டு கைக்கு வந்துவிட்டால், அதன்பிறகு பிள்ளைக்கு எது வந்தாலும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். பல்வலி தாங்காமல் தலையைச் சுவரில் முட்டினாலும் ஆட்டிசம், வயிற்றுவலியில் தட்டைத் தள்ளினாலும் ஆட்டிசம். சொல்லத் தெரியாத பிள்ளையின் வலி இப்படித்தான் வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது "ஒரு கண்ணை" என்ற இடத்தில். வெயிலில் இரண்டு கண்களையும் சுருக்குவது எல்லோரும் செய்வது. ஒரு கண்ணை மட்டும் மூடுவது, விட்டுவிட்டு வரும் மாறுகண்ணுக்கு நன்கு அறியப்பட்ட அடையாளம். இந்தக் குறை உள்ள பிள்ளைக்கு வீட்டுக்குள் இரு கண்களும் நேராகவே இருக்கும். தூரத்தில் பார்க்கும்போது, களைத்திருக்கும்போது, காய்ச்சலின்போது ஒரு கண் வெளிப்பக்கமாக நழுவும். கடும் வெளிச்சத்திலும் இரு கண்களையும் சேர்த்துப் பிடிப்பது கடினமாகிவிடும். அப்போது பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். கூடவே இருக்கும் பெற்றோருக்குக்கூட இது மாறுகண் என்று தோன்றாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மாறுகண்ணும் பார்வைக் குறைபாடுகளும் மற்றக் குழந்தைகளிடம் இருப்பதைவிடக் கூடுதலாகவே காணப்படுகின்றன. எனவே மருத்துவமனைக்குப் போவதற்கு முன் செல்போனில் சில வீடியோக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஒன்று, மாலையில் அவன் தூரத்தைப் பார்க்கும்போது ஒன்று. மூடுவது எப்போதும் அதே கண்தானா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறையில் அந்தக் கண் ஒழுங்காக நின்றுவிடலாம். வீடியோ அப்போது கைகொடுக்கும்.

வகுப்பறையில் கண்ணைச் சுருக்குவதற்கு எளிய காரணமும் உண்டு. இமைகளை நெருக்கினால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை மெலிந்து, மங்கலான பிம்பம் சற்றுத் தெளிவாகும். கிட்டப்பார்வை உள்ளவர்களும் கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் சிதறல் பார்வை உள்ளவர்களும் கண்ணாடி போடும்வரை இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

கண்களை அடிக்கடி கசக்குகிறானா என்று பாருங்கள். வறண்ட வெயிலும் தூசியும் உள்ள ஊர்களில், பள்ளி வயதுச் சிறுவர்களுக்கு ஒவ்வாமையால் வரும் கண் அழற்சி சாதாரணம். கண் சிவந்து, அரித்து, நூல்போல் பீளை கட்டும், வெளிச்சத்தைப் பார்க்க விடாது. இதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடக் கூடாது. கண்ணழுத்த நோயும் (கிளாகோமா) கண்புரையும் வரக்கூடும்.

அவன் என்ன சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் வெள்ளைச் சோறு, தயிர், பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல் என்று நாலைந்து பண்டங்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். இப்படியே வருடங்கள் போனால் வைட்டமின் ஏ குறைந்து, கண் உலர்ந்து, கூச ஆரம்பிக்கும். மாலை மங்கியதும் தடுமாறுவதும், வெண்விழியில் நுரைபோன்ற சாம்பல் நிறத் திட்டு தெரிவதும் இதன் அடையாளங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும், பார்வையையே பறிக்கவும் செய்யும். முருங்கைக்கீரை, முட்டை, பப்பாளி, நம் ஊர் மாம்பழம் இவற்றில் எதையாவது ஏற்கிறானா என்று பாருங்கள். மாத்திரையை மட்டும் அளவு தெரியாமல் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ உடலில் சேர்ந்து நஞ்சாகும்.

மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்குத் (ஏடிஎச்டி) தரும் மெத்தில்பெனிடேட், அடோமாக்செடின், வேறு மருந்துகளின் பக்கவிளைவைத் தணிக்கத் தரும் டிரைஹெக்சிபெனிடைல் போன்றவை கண்ணின் பாவையை, அதாவது நடுவிலுள்ள கரிய வட்டத்தை, விரியச் செய்யும். விரிந்த பாவை அதிக ஒளியை உள்ளே விடும். மருந்து தொடங்கிய பிறகுதான் கூச்சம் வந்ததா என்று யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"இவன் எழுத்தைப் படித்துச் சொல்ல மாட்டானே, எப்படிப் பரிசோதிப்பார்கள்?" என்ற தயக்கம் வேண்டாம். ரெட்டினோஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, பிள்ளை ஒரு சொல்லும் பேசாமலேயே கண்ணாடியின் அளவைக் கண்டுபிடிக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் காலையில் முதல் ஆளாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கூட்டமும் காத்திருப்பும்தான் இந்தப் பிள்ளைகளைப் பாதி களைக்கச் செய்கின்றன. பாவையை விரிக்க மருந்து போடுவார்கள். சைக்ளோபென்டோலேட் சொட்டு என்றால் ஏறத்தாழ ஒரு நாள் கூசும். அட்ரோபின் களிம்பு என்றால் ஒன்றிரண்டு வாரம்கூட நீடிக்கும். இது முன்பே தெரியாத வீடுகளில் "ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு பிள்ளை மோசமாகிவிட்டான்" என்று பயந்துபோகிறார்கள். அந்த நாட்களில் தொப்பியும் நிழலும் தேவை. பள்ளிக்கும் சொல்லி வையுங்கள்.

இனி மலைப்பாதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் விநாடிக்கு எட்டு மீட்டர் கடக்கிறது. மரங்களுக்கு இடையே விழும் வெயில் அவன் முகத்தில் விநாடிக்குப் பலமுறை பளிச்சிட்டு மறைகிறது. வளைவில் வயிறு புரட்டுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அவன் மடியில் முகம் புதைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் ஆட்டிசத்தோடு சேர்ந்து வருவது அரிதில்லை. அதில் ஒரு வகை, விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சத்தால் தூண்டப்படும். விநாடிக்கு 3 முதல் 60 முறை வரை ஒளிர்வது தூண்டலாம். 15 முதல் 25 வரை இருப்பது மிகவும் ஆபத்து. கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று எண்ண வேண்டாம். இமைகள் படபடவென்று துடித்து விழிகள் மேலே செருகுவது, சில விநாடி வெறித்து நிற்பது, சூரியனை நோக்கித் திரும்பி விரல்களைக் கண்முன் ஆட்டிக்கொண்டே நினைவு தப்புவது இவற்றில் எதையாவது கண்டால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். பயணத்தில் அப்படி நேர்ந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மறைத்துவிடுங்கள். இரு கண்களையும் வெறுமனே மூடுவது போதாது, பளிச்சிடல் இமையைத் தாண்டியும் தெரியும்.

இவை எதுவும் இல்லை என்றால், காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் தாழ்ந்திருக்கும் நேரங்களைத் தவிர்த்துப் பயணம் செய்யுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் மரத்தண்டுகளின் நிழல் பக்கவாட்டில் அதிகம் வெட்டும். ஜன்னல் ஓரம் வேண்டாம். மேலே போனதும் மூடுபனி இருந்தால் கூச்சம் தணியும் என்று நினைக்காதீர்கள். பனியில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருவதால் தொப்பி அவ்வளவாக உதவாது.

கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், அல்லது கண்ணாடி போட்ட பிறகும் கூச்சம் இருந்தால், அப்போது ஆட்டிசத்தின் பக்கம் வரலாம். ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உணர்வதை 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வெளிச்சம் பட்டதும் பாவை சுருங்கும் வேகம் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரிடம் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வெளிச்சம் அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. "பழக்கினால் சரியாகிவிடும்" என்று அவனை வெளிச்சத்தில் உட்காரவைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். மாற்ற வேண்டியது விளக்கை.

பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். மலிவான எல்இடி பல்புகள் பலவும் அப்படியே. செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படம் எடுங்கள். வெளிச்சம் துடிப்பதும் பட்டை பட்டையாக ஓடுவதும் தெரிந்தால் அதை மாற்றுங்கள். கடையில் "வார்ம் ஒயிட்" என்று கேட்டு வாங்குங்கள், நேராகக் கண்ணில் படாதபடி மூடியுள்ள விளக்காக இருக்கட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒன்று மின்விசிறி. விளக்கு விசிறிக்கு மேலே இருந்தால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும். ஆட்டிசம் இல்லாதவருக்கே அந்த அறையில் தலைவலிக்கும்.

வெளியே போக, நல்ல விளிம்புள்ள தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சாம்பல் நிறக் கூலிங் கிளாஸும் போதும். ஏற்காட்டின் குளிரை நம்பி அங்கே கழற்றிவிடாதீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடவே வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகி, கழற்றியதும் இன்னும் அதிகமாகக் கூசும். கண்ணாடிக் கடை சொன்ன நிற லென்ஸ் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும், படிப்பை உயர்த்தும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை. மென்மையான நிறம் சிலருக்கு இதமாக இருப்பது உண்மைதான். பரிசோதனைக்கு முன் அதற்குப் பெரிய பணம் கட்டாதீர்கள்.

பள்ளியில் ஜன்னலை விட்டு விலகிய இடம், மினுங்கும் விளக்கை மாற்றுவது, தேவைப்பட்டால் வகுப்பறையிலும் தொப்பி என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் தகுந்த வசதி செய்துதர வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவரிடம் இவற்றைப் பட்டியலாக எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

முகம் பார்க்காதது பெரும்பாலும் ஆட்டிசத்தோடு சேர்ந்தது. கூச்சம் அதைக் கூட்டலாம். "என்னைப் பார்த்துப் பேசு" என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்; பார்க்காமலேயே அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பாட்டியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பேரனிடம் பேசும்போது ஜன்னலுக்கோ வாசலுக்கோ முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் நேராக அவன் கண்ணில் அடிக்கும், பாட்டியின் முகமோ இருண்டு தெரியும். இடம் மாறி, வெளிச்சம் பாட்டியின் முகத்தில் விழும்படி உட்காரட்டும்.