வாசகர் கேள்விகள்: மார்மன் சபையில் மாற்றுக் கருத்தோடு

பெண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்பதும் ஒருபால் திருமணம் பற்றிய போதனையும் என் மனசாட்சிக்கு ஒப்பவில்லை. அடுத்த மாதம் ஆலயப் பரிந்துரைக்கு (ஆலயத்துக்குள் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) நேர்காணல். தங்கையின் திருமணமும் வருகிறது. மனதில் உள்ளதைச் சொன்னால் பரிந்துரை கிடைக்காமல் போகுமா?
– வாசகி, சேட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

ஒப்பவில்லை என்ற ஒன்றுக்காகவே மறுத்துவிட மாட்டார்கள். நேர்காணல் கேள்விகள் ரகசியம் அல்ல. 2019 அக்டோபர் மாநாட்டில் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சனே வாசித்துக் காட்டினார். முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். உங்களைத் தொடுபவை இரண்டுதான்: சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்று ஆதரிக்கிறீர்களா? சபைக்கு முரணான போதனை, வழக்கம், கோட்பாடு எதையாவது ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா? முன்பெல்லாம் முரணான கருத்துள்ள ஆட்களோடும் குழுக்களோடும் தொடர்பு உண்டா, உடன்படுகிறீர்களா என்றும் கேட்பார்கள். அந்தப் பகுதி 2019இல் நீங்கியது. உங்களுக்கு அது சாதகம்.

'ஆதரிப்பது' எதுவரை என்பதில் பிஷப்புக்குப் பிஷப் (உள்ளூர்ச் சபையை நடத்துபவர்) கருத்து மாறும். எங்கள் கணிப்பு இது: ஒருபால் திருமணத்தை அனுமதித்த 2006ஆம் ஆண்டின் சிவில் யூனியன் சட்டம் நியாயமானது என்று நினைப்பதும் அதன்படி வாக்களிப்பதும் குடிமகளின் உரிமை. சபையின் கோட்பாடே தவறு என்று வகுப்பில் பாடம் எடுப்பது அப்படியல்ல. கேட்டதற்கு உண்மையான பதில் சொல்லுங்கள், பொய் வேண்டாம். ஆனால் கேட்காததையெல்லாம் கொட்டவும் வேண்டாம். பலர் சறுக்குவது இங்கேதான். மூன்று வருடக் குமுறலைப் பத்து நிமிட நேர்காணலில் அவிழ்த்தால், எதிரே இருப்பவர் அதை எதிர்ப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். சந்தேகங்களைப் பேச வேண்டுமானால் பிஷப்பிடம் தனியாக நேரம் கேட்டு, நேர்காணலுக்குச் சில வாரம் முன்னரே பேசிவிடுங்கள். துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லவும் உங்களுக்கு அனுமதி உண்டு.

நேர்காணல் இரண்டு கட்டம்: முதலில் பிஷப் தரப்பு, பிறகு ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த பிரிவு) தலைமை. பரிந்துரை இரண்டு ஆண்டு செல்லும். பிஷப் சம்பளம் வாங்காத சாதாரண உறுப்பினர், பொதுவாக ஐந்தாறு வருடத்தில் மாறிவிடுவார். இன்று இறுக்கமாக இருப்பவரே நிரந்தரம் அல்ல.

பரிந்துரை இல்லாவிட்டால் பெரிய இழப்பு குடும்பத்தில்தான் தெரியும். 2020 பிப்ரவரியில் பிரதிஷ்டையான டர்பன் அருகேயுள்ள அம்லாங்கா ஆலயத்துக்குள் நடக்கும் தங்கையின் முத்திரைச் சடங்கை (ஆலயத் திருமணச் சடங்கு) நீங்கள் பார்க்க முடியாது. சிவில் திருமணத்தை முதலில் எல்லோர் முன்னிலையிலும் நடத்திவிட்டு, முத்திரைச் சடங்கைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019 மே மாதம் எடுக்கப்பட்டது. இதைத் தங்கையிடம் இப்போதே பேசிவையுங்கள்.

வார்டு (உள்ளூர்ச் சபை) வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் சமயத்தில் ஒரே கட்சிப் பேச்சு. 2021 ஜூலை கலவரம் பற்றியும் கண்டபடி எழுதுகிறார்கள். பதில் எழுதினால் 'ஆவியைக் கெடுக்கிறாய்' என்கிறார்கள்.
– வாசகர், பீனிக்ஸ், டர்பன்

விதி உங்கள் பக்கம். கட்சிகளிலும் வேட்பாளர்களிலும் சபை நடுநிலை. கட்டடம், உறுப்பினர் பட்டியல், சபையின் தொடர்பு வழிகள் எதையும் அரசியலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது சபையின் பொதுக் கையேடு. அது 2020 முதல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே குழுவில் எதிர்க்கட்சிக்கு வக்காலத்து வாங்காதீர்கள், நீங்களும் அதே தவறைச் செய்தவராவீர்கள். அந்தப் பகுதியை பிஷப்புக்குத் தனியாக அனுப்பி, 'இந்தக் குழுவில் அரசியல் வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள்' என்று கேளுங்கள்.

கலவரம் வேறு விஷயம். பீனிக்ஸில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வார்டு எல்லை முகவரிப்படி வகுக்கப்படுவதால் ஜூலு குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. பிடித்த வார்டுக்கு மாறிக்கொள்ளவும் முடியாது. பதிவை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். இறந்தவர்களைக் கேவலப்படுத்தி யாராவது எழுதினால், 'இங்கே துக்கத்தில் இருப்பவர்கள் உண்டு, சகோதரரே' என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, உறுப்பினர்கள் தங்கள் விசுவாசத்தைச் சொல்லும் சாட்சி கூட்டத்தில் எழுந்து இதற்குப் பதில் சொல்லப் போகாதீர்கள். அந்த மேடை விவாதத்துக்கு இல்லை, கேட்பவர்களும் உங்களுக்கு எதிராகத் திரும்புவார்கள்.

அண்ணன் காவடி எடுக்கிறார், பிரசாதம் தருகிறார், அம்மா வீட்டில் விளக்கேற்றச் சொல்கிறார். தேநீரும் பிரச்சினை.
– டொங்காட்

காவடிக்கு உடன் போவது குடும்ப மரியாதை. நீங்களே நேர்ந்து எடுப்பது வேறு, அதை பிஷப்பிடம் மறைக்க முடியாது. பிரசாதம் பற்றிக் கையேட்டில் தனி விதி இல்லை. விளக்கை அம்மா ஏற்றட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். சபை விலக்கியிருக்கும் தேநீருக்குப் பதில் ரூய்போஸ் போதும். அது தேயிலைச் செடி அல்ல, மூலிகை வகை.

என் வலைப்பதிவுக்காக உறுப்பினர் மன்றத்துக்கு (சபையின் ஒழுங்கு விசாரணை) அழைப்பு வரும் என்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாதவர், டர்பன்

கையேடு மதத்துரோகம் என்று சொல்வது சிந்தனையை அல்ல. சபையையோ தலைவர்களையோ வேண்டுமென்றே, பகிரங்கமாக, திரும்பத் திரும்ப எதிர்ப்பது; திருத்திய பிறகும் கோட்பாடல்லாததைக் கோட்பாடாகப் போதிப்பது; பிறர் விசுவாசத்தைக் குலைக்கத் திட்டமிட்டு உழைப்பது போன்றவை அதில் வரும். கூட்டத்துக்கு வராமல் இருப்பது மட்டும் இதில் சேராது. பெண்களுக்கு ஆசாரியத்துவம் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லியை 2014இல் நீக்கியபோது, அந்தக் கருத்து இருப்பது குற்றமில்லை, பிறரையும் அந்தக் கருத்துக்குத் திருப்பத் தொடர்ந்து முயன்றதுதான் பிரச்சினை என்றே அவருடைய பிஷப் எழுதினார். நமக்கு அந்தப் பிரிப்பு பிடிக்கிறதோ இல்லையோ, நடைமுறையில் அளவுகோல் அதுதான்.

ஆகவே முதல் எச்சரிக்கைக்கு நிறைய எடை உண்டு. பிஷப் வாய்மொழியாகக் கண்டித்தால், எந்தப் பதிவு, எந்த வரி என்று கேட்டு, அன்றே தேதியுடன் குறித்துவையுங்கள். பெரும்பாலும் கோட்பாடு சார்ந்த கட்டுரையைவிட உள்ளூர்த் தலைவரைப் பற்றிய கிண்டல் வரிதான் சிக்கலில் மாட்டிவிடும். அதை நீக்கிவிடுவது கொள்கையை விட்டுக்கொடுப்பது ஆகாது.

மன்றம் கூடினால் எழுத்தில் அறிவிப்பு வரும். ஒலி, ஒளிப் பதிவு செய்யக்கூடாது. உங்கள் தரப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதி எடுத்துப் போங்கள். விளைவு, ஒன்றுமில்லை என்பதிலிருந்து உறுப்பினர் கட்டுப்பாடு, உறுப்புரிமை நீக்கம் வரை போகும். வார்டு மன்றத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் ஸ்டேக் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நீதிமன்றத்தை நம்பாதீர்கள். மெதடிஸ்ட் சபை தன்னை நீக்கியதை எதிர்த்துப் போதகர் எக்லீசியா டி லாங்கே தொடுத்த வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. சபைக்குள் இருந்த மத்தியஸ்த வழியை அவர் முதலில் முடிக்கவில்லை என்பது முக்கியக் காரணம். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள்.