துருசுத் திறப்பு யார் கையில்?

அன்பின் ஐயா,

போன கிழமை எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் அரசியல் தீர்வு பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தோம். மத்தியும் மாகாணங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சமஷ்டி ஆட்சி வேண்டும் என்றார் ஒருவர். அது பிரிவினைக்குப் போடும் அத்திவாரம் என்று ஒருவரும், அது எங்களை விற்கிற வேலை என்று இன்னொருவரும் எழும்பினார்கள். இரண்டு மணித்தியாலம் அந்த ஒரு சொல்லோடேயே போய்விட்டது. இப்படியான சொற்களுக்குச் சரியான பொருள் எழுதி நீங்கள் ஒரு சிறு அகராதி போட்டால் என்ன?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

அகராதி போடலாம். ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது உதவியிராது. எழும்பி நின்ற மூவருக்கும் சமஷ்டி என்றால் என்னவென்று ஓரளவு தெரிந்துதான் இருக்கும். அந்தச் சொல் அவரவர் வாழ்க்கைக்குள் வெவ்வேறு வாசலால் வந்திருக்கிறது.

1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது பெடரல் பார்ட்டி. தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி. கேட்டது சமஷ்டிதான். ஆனால் 'தமிழ் அரசு' என்பதை அப்படியே சிங்களத்தில் சொன்னால் தனிநாடு என்றுதான் காதில் விழும். அந்தச் சந்தேகம் கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போனது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கட்சி தொடங்கி அறுபத்தேழு வருடம் கழித்து!

அதே வருடம் செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வெளிவந்தது. நாட்டின் தன்மையைச் சொல்ல, சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் எழுதியிருந்தார்கள். பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு என்று அதற்குப் பொருளும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். நீங்கள் கேட்கும் அகராதி இதுதானே? என்ன நடந்தது? எங்கள் ஆட்கள் சிங்களச் சொல்லைப் பார்த்து, இது எல்லா அதிகாரமும் மத்தியிலேயே இருக்கிற பழைய ஒற்றையாட்சிதான் என்றார்கள். தெற்கில் தமிழ்ச் சொல்லைப் பார்த்து, இதற்குள் சமஷ்டி ஒளிந்திருக்கிறது என்றார்கள். ஆளுக்காள் மற்றவர் மொழியிலிருந்த சொல்லுக்குப் பயந்தார்கள். மாகாணத்துக்கு என்ன அதிகாரம் என்று உள்ளே எழுதியிருந்ததை விவாதிக்க ஆள் இல்லை. நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வேகிறது.

அதற்காக எந்தச் சொல்லும் சரி என்று விட்டுவிடவும் முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கிய தாய்மார் சொல்வது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளை காணாமல் போகும். தன் கையாலேயே கொண்டுபோய்ப் படையினரிடம் ஒப்படைத்த பிள்ளையைப் பற்றி ஒரு தாய் எப்படி அந்தச் சொல்லைச் சொல்வாள்? அதை ஏற்றுக்கொண்டால், செய்தது யார் என்ற கேள்வியே விழுந்துவிடும். நடந்த ஒன்றுக்கு வைத்த பெயர் அது. அங்கே சொல்லுக்காக நின்றுதான் ஆக வேண்டும். சமஷ்டி அப்படியல்ல, இனி நடக்க வேண்டிய ஒரு ஏற்பாட்டின் பெயர். அதை அவிழ்த்துப் பார்க்கலாம்.

எப்படி அவிழ்ப்பது என்பதை நான் மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு கமக்காரர் கூட்டத்தில்தான் கண்டேன். பாலை மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரைகள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும் இன்னொரு பெரியவரும் உங்கள் கூட்டத்தில் நடந்தது போலவே சமஷ்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த ஒரு அம்மா எழும்பினார். வயலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், குதியில் சேறு காய்ந்திருந்தது.

"சிறுபோகத்துக்குக் குளத்துத் துருசு திறக்கிற திறப்பு யாரின்ர கையில இருக்கும்? முதல் அதைச் சொல்லுங்கோ."

வயலுக்கு நீர் விடும் மதகின் சாவியைத்தான் கேட்டார். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிகிற ஆற்றின் நீர்ப்பாசனம், மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படியே மாகாணத்துக்குரியது, பல மாகாணங்களால் ஓடுகிற ஆறுதான் மத்திய அரசுக்கு. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளத்தில் விழுகிறது, முழுதும் வடக்குக்குள்தான். பெரியவர் அதற்குத் தலையாட்டினார். அப்ப மத்திய அரசின் மகாவலி அதிகாரசபைக்குக் கீழே போகிற காணியை யாரிடம் கேட்பது என்றார் அந்த அம்மா. காணி அதிகாரம் சட்டத்தில் இருந்தும் கைக்கு வராத கதை அதோடு தொடங்கியது. அதிலும் இருவரும் ஒரே பக்கம். பொலிஸ் அதிகாரம் வந்தபோதுதான் பிரிந்தார்கள். மாகாணப் பொலிஸ் வந்தால் அதை எங்கள் அரசியல்வாதிகளே ஆட்டுவிப்பார்கள் என்று பெரியவர் பயந்தார். நியாயமான பயம். ஆசிரியரிடமும் அதற்கு உடனடிப் பதில் இருக்கவில்லை. பொழுதுபட்ட பிறகும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். சமஷ்டி என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நீங்களும் துருசிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நாள் குறித்ததும் எனக்கும் எழுதுங்கள், வருகிறேன்.