குட்டிப் போவாவுக்கு வாரம் இரண்டு எலி தேவையா?

கேள்வி: ஐந்து மாதத்துக்கு முன்பு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் குட்டிப் போவா பாம்பு வாங்கினேன். இப்போது எட்டு மாதக் குட்டி. 250 கிராம் எடை, இரண்டரை அடி நீளம். வாரம் இரண்டு எலி கொடுத்தால் ஒரே வருடத்தில் ஐந்தடி ஆகிவிடும் என்று சொல்லி, மாதாந்திர இரை பேக்கேஜும் வளர்ச்சி டானிக்கும் விற்கிறார். போன வாரம் தின்றதைக் கக்கிவிட்டது. தொடர்ந்து வாங்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: வாங்காதீர்கள், இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். எட்டு மாதத்தில் இரண்டரை அடி என்பது நல்ல வளர்ச்சிதான். போவா மெதுவாக வளரும் பிராணி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம்கூட இருக்கும். அதை அவசரப்படுத்தி வளர்த்தால் உடம்பில் கொழுப்பு சேரும், ஈரல் கெடும், ஆயுள் குறையும். சீக்கிரம் பெரிதாவதால் லாபம் வியாபாரிக்குத்தான், இரை அதிகம் விற்கும்.

இந்த வயதில் ஒரு வேளை இரை, பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். உங்கள் குட்டிக்கு 25 கிராம், அதாவது நன்கு வளர்ந்த ஒரு வெள்ளைச் சுண்டெலி. 10 முதல் 14 நாளைக்கு ஒரு முறை கொடுங்கள். இரையின் பருமன் பாம்பு உடம்பின் மிகத் தடித்த பகுதியைத் தாண்டக்கூடாது. ஒரு வயதுக்கு மேல் இடைவெளியை இன்னும் கூட்டலாம். முழு இரையிலேயே எலும்பு, ஈரல், சத்து எல்லாம் இருப்பதால் டானிக்குக்கு வேலையே இல்லை. அதே காரணத்தால் வெறும் கோழிக்கறித் துண்டும் ஆகாது, அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு.

கக்கியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கக்கும்போது செரிமான நீரும் சேர்ந்து போய்விடுகிறது, வயிறு பழைய நிலைக்கு வர நாளாகும். இரண்டு வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி அளவுள்ள இரை. தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாம்பு பார்ப்பார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சூட்டையும் கவனியுங்கள். கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26, 27 இருந்தால்தான் தின்றது செரிக்கும். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தடித்த சுவரும் ஆத்தங்குடித் தரையும் உள்ளறையைக் குளுமையாக வைத்திருக்கும். நமக்குச் சுகம், மார்கழி இரவில் பாம்புக்கு அது போதாது. அதற்காகப் பகலில் கண்ணாடித் தொட்டியை முற்றத்து வெயிலில் வைத்துவிடாதீர்கள், சற்று நேரத்திலேயே வெந்து செத்துப்போகும். பேக்கேஜுக்குக் கொடுக்கும் பணத்தில் ஹீட் மேட் (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு), தெர்மோஸ்டாட் (சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி), ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பின் தோலைச் சுட்டுவிடும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். டானிக் விற்பவர் பேச்சைவிட அந்த நோட்டு உங்களுக்கு உதவும்.

காகிதங்கள் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. போவா சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பிராணி. 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, இப்படிப்பட்ட பிராணியை வாங்கினால் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் வியாபாரியிடம் பில்லையும், பாம்பு எங்கிருந்து வந்தது என்ற ஆவணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, வனத்துறை அலுவலகத்தை நீங்களே அணுகுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: பாம்புக்கு வாங்கும் உறைந்த எலியை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது என்கிறார் எங்கள் ஆச்சி. வீட்டுப் பொறியில் விழும் எலியையே பாம்புக்குப் போடலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: கூடாது. பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்ற எலி உங்கள் பாம்பையும் கொன்றுவிடலாம். ஒட்டுண்ணித் தொல்லை வேறு. ஆச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: எலியில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், சமையல் பொருளோடு வைப்பது சரியல்ல. சின்னதாக ஒரு பழைய ஃப்ரீசரைத் தனியாக வாங்கி வையுங்கள். உறைந்த எலியை முழுக்க இளக வைத்து, வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் கொடுங்கள். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துவிடும்.

கேள்வி: 'வெளிநாட்டுப் போவா குட்டி, 4,000 ரூபாய், பில் கிடையாது' என்கிறார் ஒருவர். படத்தில் மழுங்கிய வாலோடு செம்பழுப்பாக இருக்கிறது. – வாசகர், கண்டனூர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது நம் மண்ணுளிப் பாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள். அந்தப் படத்தையும் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வனத்துறையிடம் கொடுங்கள்.