மழையும் வெயிலும் தாராளமாக இருக்கும் இலங்கையில் ஏன் இன்னும் நிலக்கரியை எரிக்கிறோம்?

நான் மஸ்கெலியாப் பக்கம். மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. மழை பொய்த்தால் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயில் மெல்லத் தலைகாட்டும், ஊரே போய்ப் பார்க்கும். அப்பா மட்டும் "கோயில் தெரியுதா? அப்ப மெழுகுதிரி வாங்கி வை" என்பார். 1996 வறட்சியில் அதுதான் நடந்தது. அதற்கு முந்தைய வருடம் வரை நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். வானம் கைவிட்டதும் நாடு முழுக்க மின்வெட்டு.

அப்படிச் சூடுபட்ட பிறகுதான் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம். 2011இல் முதல் அலகு, 2014இல் மற்ற இரண்டு, மொத்தம் 900 மெகாவாட். அதற்கும் வானிலையின் தயவு வேண்டும் என்பது வேறு கதை: தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் நிலக்கரி இறக்க முடியாது, முன்கூட்டியே குவித்துவைக்க வேண்டும்.

சரி, சோலார் போட்டால் முடிந்ததே என்பீர்கள். நாம் அதிகம் கரண்ட் இழுப்பது மாலை ஆறரைக்குப் பிறகு. சோலார் கொட்டுவது நண்பகலில். ஞாயிறு என்றால் அந்த நேரத்தில் தேவையும் குறைவு. 2025 பெப்ரவரி 9 அப்படி ஒரு ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொள்ள, நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைச் சொல்லிச் சிரித்தோம், பாவம். ஆனால் மின் நிலையங்களில் கனமான எந்திரங்கள் நிறையச் சுழன்றுகொண்டிருந்தால் இப்படியோர் அதிர்ச்சியைக் கொஞ்சமாவது தாங்கும். கூரைச் சோலாருக்கு அந்தக் கனம் கிடையாது. நுரைச்சோலையும் சேர்ந்து நின்றது. அனல்மின் நிலையம் சுவிட்சைத் தட்டினால் எழும்பிவிடாது. அடுத்த நாள்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சோலாரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கு வைத்திருக்கும் நாட்டில்தான் இது!

என்னைக் கேட்டால், நம்மிடம் ஏற்கனவே ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. பகலில் சோலார் ஓடட்டும், அணைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மாலையில் திறக்கலாம். மகாவலி ஆற்றுப் பக்கம் இது முழுசாகக் கைகொடுக்காது, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளின் தண்ணீருக்காகக் கீழே வயல்கள் காத்திருக்கின்றன. மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் பக்கம் அந்தக் கட்டாயம் குறைவு. மீதிக்கு நிஜப் பேட்டரிதான் வேண்டும். அது வரும்வரை மாலை ஏழு மணிக்கு நுரைச்சோலை எரிந்துகொண்டுதான் இருக்கும்.