மின்தடையும் மெமரி கார்டும்

கேள்வி: பருவமழைக் காலத்தில் காற்றழுத்தத்தைப் பதிவு செய்வதற்காக, மாடியில் ராஸ்பெரி பை ஜீரோ என்ற சிறு கணினிப் போர்டுடன், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் அளக்கும் பி.எம்.இ. 280 சென்சாரை இணைத்து, பைத்தான் நிரல் எழுதி ஓட விட்டிருக்கிறேன். மின்சாரம் போய்த் திரும்பினால் சில வேளைகளில் அது துவங்குவதே இல்லை. கார்டில் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிறது. விலை உயர்ந்த போர்டு வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: ஆகாது, விலை குறைந்ததே தங்களுக்குப் பொருந்தும். ராஸ்பெரி பை லினக்ஸ் ஓடும் முழுக் கணினி என்பதால், எழுத வேண்டியவற்றைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகே கார்டில் எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கார்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையே சிதைந்துவிடக்கூடும். கார்டை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி வைக்க வழியுண்டு என்றாலும், அப்போது தங்கள் அளவீடுகளைச் சேமிக்க வேறிடம் தேட வேண்டும்.

2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிகோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் லினக்ஸ் போன்ற இயங்குதளமும் இல்லை, கார்டும் இல்லை. மின்சாரம் வந்தவுடன் மெயின் (main.py) என்ற பெயரில் சேமித்த மைக்ரோபைத்தான் (சிறு போர்டுகளுக்கான பைத்தான்) நிரல் தானாகவே ஓடத் தொடங்கும். அதன் கோப்பு முறைமையும் திடீர் மின்தடையைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சென்சாரைப் படிக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு (நூலகம்) மட்டும் வேறு என்பதால், நிரலில் அந்தப் பகுதியை மாற்றி எழுத நேரும். பிகோவின் 2 எம்.பி. பிளாஷ் சேமிப்பகத்தில் கோப்புகளுக்கு ஏறத்தாழ 1.4 எம்.பி. கிடைக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 25 எழுத்து என்று வைத்தால் நாளொன்றுக்கு 3,600 பைட்டுதான், ஆகவே ஓராண்டுக்குப் போதும். மின்சாரம் போனால் பிகோ நேரத்தை மறந்துவிடும் என்பதால், பட்டன் பேட்டரியுடன் வரும் டி.எஸ். 3231 கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீரோவைத் தூக்கிப் போட வேண்டாம். பதிவான அளவுகளை வரைபடமாக்க உதவும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள்ளும் மாடியிலும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பமும் ஈரப்பதமும் வேண்டாமெனில் சென்சாரை அறைக்குள் வைத்துவிடலாம்; கடற்கரை ஊரின் உப்புக் காற்று இணைப்புகளை அரிப்பதும் குறையும். புயலற்ற நாளிலும் நம் பகுதியில் அழுத்தம் காலை, இரவு பத்து மணியளவில் ஏறி, மாலையிலும் விடியலுக்கு முன்பும் நான்கு மணியளவில் சில ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) இறங்கும். 'தானே' புயலைக் கண்ட கடலூரில் அளவி இறங்கினாலே மனம் பதறும் என்றாலும், முந்தைய நாளின் அதே மணிக்குப் பதிவான அளவோடு ஒப்பிட்ட பிறகே அதைச் சரிவு என்று கொள்ளுங்கள்.