டௌ புரதத்துக்கு ஏன் இத்தனை பட்டைகள்?

கேள்வி: வளர்ந்த சுண்டெலியின் மூளைத் திசுவில் நரம்பு செல்களில் இருக்கும் டௌ புரதத்துக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி என்ற பிடிப்புப் புரதத்தால் அடையாளம் காணும் சோதனை) போட்டேன். ஒரு பட்டையை எதிர்பார்த்தால், 45 முதல் 65 கிலோடால்டனுக்குள் (புரத எடையின் அலகு) நாலைந்து தெரிகின்றன. காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பிலோ 110 அருகே ஒரு பட்டை. நான் பயன்படுத்தியது சுண்டெலியில் உருவாக்கிய ஆன்டிபாடி. அது கெட்டுவிட்டதா, வேறு வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி டௌவின் இயல்பாகவே இருக்கலாம்.

ஜீன் ஒன்றுதான். அதன் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது 2, 3, 10 ஆகிய எக்ஸான்களை (ஜீன் செய்தியின் துண்டுகள்) நரம்பு செல் சில சமயம் சேர்க்கும், சில சமயம் விட்டுவிடும். அதனால் வளர்ந்த மனித மூளையில் ஆறு வடிவங்கள். சிறியதில் 352 அமினோ அமிலங்கள், பெரியதில் 441. வளர்ந்த சுண்டெலியில் 10ஆம் எக்ஸான் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் முக்கியமானவை மூன்றுதான். பிறந்த குட்டியின் மூளை என்றால் 10 இல்லாத வடிவம்தான் அதிகம், ஆகவே வயதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். புறநரம்புகளில் 4ஏ என்ற நீளமான எக்ஸானும் சேரும். அதுதான் உங்கள் 110. அதற்குப் பெயரே 'பெரிய டௌ'.

அப்படியானால் மூன்றுக்கு மேல் எப்படி வந்தது? டௌமீது ஏறும் பாஸ்பேட்டுகள் ஒவ்வொரு வடிவத்தையும் ஜெல்லில் கொஞ்சம் மேலே தள்ளி, பட்டைகளைக் கலங்கடித்துவிடும். பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டுத்தான் எண்ண வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மாங்கனீஸுடன் லாம்டா பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) சேர்த்து, இரண்டையும் 30 டிகிரியில் வையுங்கள். திசுவை அரைக்கும் கரைசலில் பாஸ்பட்டேஸ் தடுப்பானோ, மாங்கனீஸைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவோ இருந்தால் நொதி வேலை செய்யாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

எடையை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். 441 அமினோ அமில டௌவின் உண்மையான எடை சுமார் 46 கிலோடால்டன்; ஜெல்லில் அது 60ஐத் தாண்டி நிற்கும். மனித வடிவங்களில் 383 அமினோ அமிலம் கொண்ட வடிவம், 381 கொண்டதற்குக் கீழே ஓடும்! அதனால் அளவுக்கோலாக, ஆய்வகத்தில் தயாரித்த டௌ வடிவங்களின் கலவையைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

எனக்கு உண்மையில் சந்தேகம் 50 அருகே உள்ள பட்டையில்தான். சுண்டெலித் திசுவில் அதன் சொந்த ஆன்டிபாடிகளும் இருக்கும். உங்கள் இரண்டாம் ஆன்டிபாடி (சுண்டெலியில் உருவாக்கிய முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைக் காட்டுவது) அவற்றையும் பிடிக்கும், அவற்றின் கனச்சங்கிலி (ஆன்டிபாடியின் பெரிய துண்டு) சரியாக 50இல் வந்து உட்காரும். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு பிளாட் போட்டாலே தெரிந்துவிடும். இன்னொரு வழி, எஸ்டிஎஸ் (புரதங்களை விரித்துக் கரைத்துவைக்கும் சோப்புப் பொருள்) சேர்க்கும் முன் மாதிரியைக் கொதிக்கவைத்து, மையவிலக்கியில் சுழற்றுவது. பெரும்பாலான புரதங்கள் திரிந்து அடியில் படியும். டௌ போன்ற சில மட்டும் வெப்பத்துக்கு அசையாமல் மேல்நீரில் இருக்கும். அப்புறம் பாஸ்பட்டேஸ் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 40க்குக் கீழே பட்டை நின்றால், திசு எடுத்ததில் தாமதமாகி டௌ சிதைந்திருக்கலாம். டௌ ஜீன் நீக்கிய சுண்டெலியின் மூளைத் திசு கிடைத்தால் அதையும் ஒரு தடத்தில் ஓட்டுங்கள். அதில் தெரியும் எந்தப் பட்டையும் டௌ அல்ல.